இருபதா அஞ்சா

எங்க ஆஸ்பத்திரியில என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடறதில்ல. "பாதாளத்தைக் கேளு"ம்பாங்க. கீழ்த்தளத்துல, விரிப்பு துவைக்கிற மெஷின்களுக்கு அடுத்த ரூம்ல, பழைய கம்ப்யூட்டர்களையும் பழைய பதிவுகளையும் கட்டிக்கிட்டு அழறவ நான். பதினாலு வருஷமா இதே பிழைப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் தடதடன்னு ஆடும், இந்தப் பக்கம் என் நாற்காலியும் கூடவே ஆடும். ஜன்னல் கிடையாது. மேல யாராவது "இந்த ஃபைல் திறக்கலை"னு கத்தினாத்தான் நான் ஒருத்தி இருக்கிறதே மத்தவங்களுக்கு ஞாபகம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலையில மில்லிமீட்டர் இறங்கி வந்தார். கதிர்வீச்சுப் பிரிவுல யாருக்கு, எந்தக் கோணத்துல, எவ்வளவு குடுக்கணும்னு கணக்குப் போடறவர் அவர். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்"னா "எத்தனை மில்லிமீட்டர்?"னு கேக்கற ரகம். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காம படியில வந்திருந்தார். அப்படின்னா அவசரம்.

"உங்க நாத்தனார் விஷயம்தான்மா."

"என்ன, மறுபடியும் நர்ஸோட சண்டையா?"

"அதுவும் உண்டு. இப்ப நான் வந்தது வேற."

என் வீட்டுக்காரரோட அக்கா மூணாவது மாடியில படுத்திருந்தாங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் லைன் இணைச்சுக் குடுத்து ரிட்டையர் ஆனவங்க. ஆறு வருஷமா எங்க வீட்டுலதான் ஜாகை. என் வீட்டுக்காரர் கப்பல் வேலைன்னு ஊர் ஊராச் சுத்தறவர், பொண்ணு வெளியூர் ஹாஸ்டல்ல; ஆக வீட்டுல நாங்க ரெண்டு பேரும்தான். காலையில எழுந்து பல் தேய்க்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுவோம். விளக்கை அணைக்கலைன்னு ஒரு சண்டை, அணைச்சுட்டேன்னு ஒரு சண்டை. அவங்க குரல் இருக்கே, எக்ஸ்சேஞ்சுல பழகின குரல், ரெண்டு சுவர் தாண்டியும் தெளிவாக் கேக்கும். நானும் லேசுப்பட்டவ இல்ல.

இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க கழுத்துல ஒரு கட்டி வந்தது. இதே ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு குடுத்தாங்க, கரைஞ்சு போச்சு. இப்ப அதே கழுத்தெலும்புல, தண்டுவடத்தை ஒட்டி, புதுசா ஒண்ணு முளைச்சிருக்கு. வலது கை மரத்துப்போய் ரெண்டு வாரம் ஆச்சு. கத்தி வைக்க முடியாத இடம்னு அறுவை டாக்டர் கையை விரிச்சுட்டார்.

"கதிர்வீச்சுதான் ஒரே வழி," ன்னார் மில்லிமீட்டர். "ஆனா தண்டுவடம் ஆயுசுக்கும் இவ்வளவுதான் தாங்கும்னு ஒரு அளவு இருக்கு. போன தடவை இருபத்தஞ்சு நாள் வாங்கியிருக்காங்க. ஒரு நாள் விடாம வந்தேன்னு அவங்களே சொல்றாங்க. அப்படிப் பாத்தா அளவு ஏறக்குறைய தீர்ந்து போச்சு. மேல குடுத்தா கட்டி போகுதோ இல்லையோ, கையும் காலும் போயிடும்."

"அப்புறம்?"

"அந்தக் காலத்துத் திட்டம் கிடைச்சா, எந்தக் கோணத்துல குடுத்தாங்க, தண்டுவடத்து மேல நிஜமா எவ்வளவு பட்டதுன்னு பாத்துடலாம். கொஞ்சமாவது மிச்சம் இருந்தா நான் சண்டை போட்டாவது வாங்கிக் குடுத்துடுவேன். காகிதமெல்லாம் குழாய் உடைஞ்சப்ப நனைஞ்சு குப்பைக்குப் போயிடுச்சு. அந்தப் பழைய கம்ப்யூட்டரோட டிஸ்க் உங்ககிட்ட இருக்குன்னாங்க. வெள்ளிக்கிழமை காலையில டாக்டர்கள் கூடி முடிவு பண்றாங்க. அதுக்குள்ள ஒண்ணும் கிடைக்கலைன்னா வலிக்கு மட்டும் மருந்து குடுத்துப் படுக்க வெச்சுடுவாங்க."

டிஸ்க் இருந்தது. செங்கல்லு கணக்கா கனம். கம்ப்யூட்டர் செத்துப் பத்து வருஷம் ஆச்சு, டிஸ்க்கை மட்டும் நான்தான் தூக்கிப் போட மனசில்லாம அலமாரியில வெச்சிருந்தேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மேல போய் அக்காவைப் பாத்தேன். நாத்தனார்னாலும் கூப்பிடறது அக்கான்னுதான்.

"உன் பாதாளத்துல இருக்கிற ஓட்டை டப்பாவை நம்பியா என் கழுத்தை விட்டிருக்காங்க?" ன்னாங்க.

"ஆமா. உங்க வாயை நம்பி விட முடியாதுல்ல."

"இருபத்தஞ்சு நாளும் வந்தேன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல என்ன ஆராய்ச்சி? வயசானவளை நிம்மதியாத் தூங்க விடுங்கடி."

பாருங்க, அவங்க உயிருக்காக நான் அலையறேன், அவங்களுக்குத் தூக்கம்தான் பெரிசு. எரிச்சலோட வீட்டுக்குப் போனேன். சாப்பிடக்கூடத் தோணலை.

புதன்கிழமை காலையில டிஸ்க்குக்கு மின்சாரம் குடுத்தேன். ஓடுச்சு. ஆனா அஞ்சே நிமிஷத்துல தொட முடியாத அளவுக்குச் சூடு. உள்ள ஏதோ உரசுற சத்தம். பதினாலு வருஷத்துல எத்தனை டிஸ்க்கைப் பாத்திருக்கேன், இது ஒரே ஒரு தடவைதான் ஓடும், நின்னா மறுபடி எழுந்திருக்காதுன்னு காதே சொல்லிச்சு. அதனால நிறுத்தாம, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற அட்டைகள்ல கையில கிடைச்ச பழசு ஒண்ணுல செருகி, நகல் எடுக்கிற ப்ரோக்ராமைத் தட்டிவிட்டேன். டிஸ்க் சாகிற வரைக்கும் சுத்திச் சுத்திப் படின்னு சொல்லி வெச்சேன். ஒரு சுத்து முடிஞ்சா சரிபாக்க இன்னொரு சுத்து. ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் ஓடுச்சு. மேஜை விசிறியை டிஸ்க் மேல திருப்பிட்டு நான் வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னேன்.

பத்து நிமிஷம் அம்பத்திரெண்டு நொடி. "கிர்ர்ர்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான். டிஸ்க் போச்சு, கூடவே கம்ப்யூட்டர் திரையும் உறைஞ்சு நின்னுச்சு. எதுவரைக்கும் படிச்சோம்ங்கற குறிப்பை அந்த ப்ரோக்ராம் கடைசியிலதான் எழுதும். எழுதாமலே போயிடுச்சு. ஆனா நகல் இருந்தது. அதை மில்லிமீட்டருக்கு அனுப்பிட்டு, தலையை மேஜை மேல சாய்ச்சேன்.

நோயாளியோட பதிவை நான் திறந்து பாக்கறதில்ல. சொந்தக்காரங்கன்னா சுத்தமாக் கூடாது. அது ஆஸ்பத்திரி விதி, எனக்கும் அதுதான் சரின்னு படும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவரே ஃபோன் பண்ணினார். குரல்ல ஒரு துள்ளல்.

"பதினாறு நாள்தான்மா இருக்கு! பதினாறு தடவை குடுத்ததுக்குத் தேதி இருக்கு, அதுக்கப்புறம் எல்லாம் சைபர். அவங்க இருபத்தஞ்சுங்கறாங்க. டிஸ்க் பதினாறுங்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. டிஸ்க் பூராவும் படிச்சாச்சா? நடுவுல நின்னதால மிச்சம் வரலையா, இல்ல நிஜமாவே மிச்சம் கிடையாதா?"

கேள்வி நியாயமானது. ஏன்னா இந்த ப்ரோக்ராம் முதல்லயே டிஸ்க் அளவுக்கு வெத்து இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், படிக்கப் படிக்க நிரப்பும். படிக்காத இடமும் சைபர்தான், எதுவுமே எழுதாத இடமும் சைபர்தான். பாத்தா வித்தியாசம் தெரியாது. எவ்வளவு தூரம் படிச்சோம்னு கண்டுபிடிக்க வேகத்தை நேரத்தால பெருக்கறது ஒண்ணுதான் வழி.

என் ரூம் சுவத்துல ஒரு பட்டியல் ஒட்டியிருக்கு, நானே எழுதினது. பழைய டிஸ்க்குகளோட வேகத்தை ஒவ்வொருத்தனும் அவனவன் இஷ்டத்துக்குப் போட்டு வெச்சிருப்பான். ஒருத்தன் பிட்டுல சொல்வான், எட்டால வகுத்தா பைட் வரும். இன்னொருத்தன் வகையில ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் ரெண்டு பிட் சும்மா துணைக்குப் போகும், அங்க பத்தால வகுக்கணும். மூணாவது ஆளு வேகத்தையே சொல்லமாட்டான், நொடிக்கு எத்தனை துடிப்புன்னு மட்டும் சொல்வான். ஒரு துடிப்புக்கு எத்தனை கம்பியில சரக்கு போகுதுன்னு நாமதான் பாத்துப் பெருக்கிக்கணும். எட்டுக் கம்பின்னா ஒரு பைட், பதினாறு கம்பின்னா ரெண்டு. ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

செத்த டிஸ்க்கோட முதுகுல ஒட்டியிருந்ததைப் படிச்சேன். நொடிக்கு ஒரு கோடி துடிப்பு, பதினாறு கம்பி. ரெண்டு கோடி பைட். அதாவது இருபது மெகாபைட். டிஸ்க் மொத்தமே நாலாயிரத்து முந்நூறு மெகாபைட்தான். அறுநூத்தம்பத்திரெண்டு நொடியில அதை மூணு தடவை சுத்தி வந்திருக்கும்.

"பூராவும் படிச்சாச்சு சார். மூணு தடவை. பதினாறுன்னா பதினாறுதான்."

"சத்தியமா?"

"சார், இது என் தொழில்."

"அப்ப நாளைக்கு மீட்டிங்ல நான் பாத்துக்கறேன். அவங்களுக்கு ஞாபகப் பிசகு. போன தடவை பாதியிலயே நின்னிருக்காங்க, மிச்சம் நிறைய இருக்கு. பத்து நாள் தாராளமாக் குடுக்கலாம்."

ஃபோனை வெச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. மனுஷி என்னதான் படுத்தினாலும் அவங்க இல்லாத வீட்டை நினைக்க முடியலை. போய் ஒரு டீ குடிச்சேன். டீக்கடைக்காரர்கிட்ட காரணமே இல்லாம சிரிச்சேன்.

திரும்பி வந்து மேஜையைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சேன். டிஸ்க்கைப் பிடுங்கினேன். கூடவே கேபிளும், நடுவுல இருந்த மாத்துத் தலையும் வந்தது. அகலமான செருகியை ஒல்லிச் செருகியா மாத்தற தலை. அதைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

டிஸ்க்குக்குப் பதினாறு கம்பி. ஆனா என் கேபிளுக்கு எட்டுதான். மாத்துத் தலை போட்ட நிமிஷமே பாதிக் கம்பி அம்போ. இருபது இல்ல, பத்து.

சரி, பத்துன்னாலும் டிஸ்க் பூரா வந்திருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு அந்தப் பழைய அட்டையைத் திருப்பிப் பாத்தேன். தூசியைத் துடைச்சுப் பாத்தா, அது இன்னும் முந்தின தலைமுறை. நொடிக்கு அம்பது லட்சம் துடிப்புக்கு மேல அதுக்கு முடியாது. டிஸ்க் எவ்வளவு வேகமாப் பேசினாலும் அட்டை வேகத்துக்குத்தான் இறங்கி வரணும். பத்தும் இல்ல. அஞ்சு.

அஞ்சை அறுநூத்தம்பத்திரெண்டால பெருக்கினா மூவாயிரத்து இருநூத்தறுபது. டிஸ்க்கோட கடைசி ஆயிரம் மெகாபைட்டை நான் கண்ணாலயே பாக்கலை. அக்கா பதிவு எங்க உக்காந்திருக்குன்னு மில்லிமீட்டர் அனுப்பின குறிப்புல இருந்தது. மூவாயிரத்து இருநூறுக்குப் பக்கத்துல. அந்த மெஷின்ல கடைசியா வந்த நோயாளிகள்ல ஒருத்தங்க போல, அதுக்கப்புறம் நகல்ல ஒண்ணுமே கிடையாது.

நடுவுல அறுபது மெகாபைட் இடைவெளி. பன்னெண்டு நொடி. அதுவும் டிஸ்க் ஒரு நொடிகூடத் தயங்காம ஓடியிருந்தா. நான்தான் அங்கங்க அது முக்கி முனகி நின்னதைக் காதால கேட்டேனே! எத்தனை தடவைன்னு எண்ணினேனா? இல்ல. அந்த முனகல்ல பன்னெண்டு நொடி போயிருந்தா, படிப்பு சரியா அக்கா பதிவுக்கு நடுவுல நின்னிருக்கும். மிச்ச ஒன்பது நாள் செத்த டிஸ்க்குக்குள்ள இருக்கும். அக்கா சொன்னதுதான் உண்மையா இருக்கும்.

சீ, என்ன பொம்பளை நான்! டிஸ்க்கோட முதுகைப் பாத்தேன், கேபிளைப் பாக்கலை. புதுசா சேந்தவங்க செய்யற தப்புகூட இல்ல இது. அவங்க பயந்து ஒவ்வொண்ணாப் பாப்பாங்க. ராத்திரி எழுப்பினாலும் சொல்வேன்னு திமிர் பிடிச்சவங்க மட்டும்தான் இதைச் செய்வாங்க.

நாற்காலியில உக்காந்தேன். உண்மையைச் சொல்லிடறேன், ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியப்போகுது? நாளைக்கு மீட்டிங், அடுத்த வாரம் கதிர்வீச்சு. பதினாறுதான்னு இருந்துட்டா அக்கா பிழைச்சுக்குவாங்க. ஆனா இருபத்தஞ்சா இருந்தா? ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில கால் வரலைன்னு அவங்க சொல்றப்ப நான் எந்த மூஞ்சியோட பக்கத்துல நிக்கறது? வாயை மூடிக்கிட்டாலும் தப்பு, திறந்தாலும் அவங்களுக்கு இருந்த ஒரே வழியை நானே அடைக்கறேன். இந்த வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எங்கயாவது போய்ப் படுத்துடலாம்னு இருந்தது. அவ்வளவு அலுப்பு.

படியேறிப் போனேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்க எனக்கும் முடியலை.

மில்லிமீட்டர் நான் சொன்னதைக் குறுக்க பேசாமக் கேட்டார். கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெச்சார்.

"ஆக, இருபது இல்ல."

"இல்ல சார். அஞ்சு. அதுவும் உச்சத்துக்கு."

"பதினாறா இருக்கலாம், இருபத்தஞ்சாவும் இருக்கலாம்."

"பதினாறா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா..."

"வாய்ப்பு வெச்சுக்கிட்டுத் தண்டுவடத்துல நான் கை வைக்க மாட்டேன்மா." கோபமெல்லாம் இல்ல. அவரும் களைச்சுத்தான் போயிருந்தார். "அவங்களே இருபத்தஞ்சுன்னு சொல்லிக்கிட்டிருக்கப்ப நான் என்னன்னு வாதாடறது? பதினாறோட நின்னாங்கன்னு சொல்ல யாராவது வேணும். அப்ப கூட வந்தவங்க, வீட்டுல இருந்தவங்க யாராவது?"

"அப்ப அவங்க தனியாத்தான் இருந்தாங்க சார். நானும் என் வீட்டுக்காரரும் வேற ஊர்ல."

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். விதியெல்லாம் அந்த நேரத்துல அவருக்கும் ஞாபகமில்ல, எனக்கும் இல்ல. "கடைசித் தேதி இது. இதுக்கு மறுநாள் அவங்க எங்க இருந்தாங்கன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

பதினாறு வரி. பதினாறாவது வரியில மார்ச் ஒன்பது.

என் பொண்ணு பொறந்தது அந்த வருஷம் மார்ச் பத்து.

ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்துட்டா. என் வீட்டுக்காரர் கப்பல்ல, கரைக்கு வர மூணு வாரம் ஆகும். எனக்குத் தாயார் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் யார் யாருக்கோ ஃபோன் போட்டாங்க. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்ள, எனக்கு நெருப்பாக் காய்ச்சல். அன்னைக்குச் சாயங்காலம் அக்கா ஒரு சின்னப் பெட்டியோட வந்து நின்னாங்க. ரயில்ல ஆறு மணி நேரம். "உங்க ட்ரீட்மெண்ட்?"னு நான் கேட்டேன், அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "அதெல்லாம் முடிஞ்சுது, நீ படு"ன்னாங்க. பன்னெண்டு நாள் இருந்தாங்க. பாலைப் பீச்சி எடுத்துக்கிட்டுப் பெட்டிக்கும் எனக்குமா நடந்தாங்க. நடுநடுவுல காலியா இருந்த கட்டில்ல சுருண்டு படுத்துக்குவாங்க. குடுத்ததைச் சாப்பிட மாட்டாங்க, முழுங்க முடியலைம்பாங்க. "என்னைப் பாத்துக்க வந்தவங்க, பாதி நேரம் அவங்கதான் தூங்கினாங்க"ன்னு இருபத்திரெண்டு வருஷமா நான் போற இடமெல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேன். அவங்க எதிர்லயே சொல்லியிருக்கேன்.

கழுத்துல பதினாறு நாள் கதிர்வீச்சு வாங்கினவங்களுக்கு முழுங்க முடியாதுன்னு இந்த ஆஸ்பத்திரியில கூட்டறவங்களுக்குக்கூடத் தெரியும்.

"ஏம்மா, என்ன ஆச்சு?" ன்னார் மில்லிமீட்டர்.

"எங்கூட இருந்தாங்க சார்," ன்னேன். "பத்தாம் தேதியிலேர்ந்து இருபத்திரெண்டாம் தேதி வரைக்கும் எங்கூட இருந்தாங்க. நான் எழுதிக் குடுக்கறேன்." கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதும்பாங்களே, அந்த லட்சணம்தான். ரெண்டு நாளா டிஸ்க்கு, கம்பின்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்த எனக்குத்தான் இந்த உலகத்துலயே அந்த விடை தெரியும்.

அவர் மறுபடியும் அந்தத் தாளைப் பாத்தார். "திரும்பி வந்து மிச்சத்தை முடிச்சிருக்கலாமே? அதை அவங்கதான் சொல்லணும். நீங்க கேளுங்க. நான் கேட்டா இருபத்தஞ்சுன்னுதான் சொல்வாங்க."

அது ஏன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. சேர்க்கிற அன்னைக்கு டாக்டர் கேட்டப்பவும் சரி, அதுக்கப்புறம் கேட்டப்பவும் சரி, நான் கட்டில் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்.

மூணாவது மாடியில மத்தியான வெயில் விரிப்பு மேல விழுந்திருந்தது. அக்காவுக்குக் கழுத்தை அசைக்காம இருக்கப் பட்டை போட்டிருந்தாங்க. கூரையைப் பாத்துக்கிட்டு மல்லாந்து படுத்திருந்தாங்க. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"செருப்புச் சத்தத்துலயே தெரியுது, நீதான். உன் ஓட்டை டப்பா என்ன சொல்லுது?"

"பதினாறுன்னு சொல்லுது."

"ஓட்டை டப்பாதானே, அப்படித்தான் சொல்லும். இருபத்தஞ்சு."

"கடைசித் தேதி மார்ச் ஒன்பதுக்கா."

அக்கா கண்ணை மூடிக்கிட்டாங்க. வராந்தாவுல யாரோ வண்டி தள்ளிக்கிட்டுப் போனாங்க.

"ஊருக்குத் திரும்பினதும் மிச்ச ஒன்பது நாள் போனீங்களா?"

"போனேன்."

"அக்கா, இது விளக்கை அணைச்ச சண்டை இல்ல. போனேன்னு சொன்னீங்கன்னா நாளைக்கு உங்களுக்கு ட்ரீட்மெண்ட் கிடையாது. நிஜமாப் போயிருந்தாலும் சொல்லுங்க, பொய்யா வேணாம். எனக்காக இன்னொரு தடவை பொய் சொல்லாதீங்க." என் குரல் உடைஞ்சு போச்சு. எனக்கே அசிங்கமா இருந்தது.

அக்கா மூச்சை இழுத்து விட்டாங்க. "போகலை. திரும்பி வந்தப்ப அந்த மெஷினையே கழட்டிக்கிட்டிருந்தாங்க. புதுசு வர ஒரு மாசம் ஆகும்னாங்க. கட்டியும் கைக்குத் தட்டுப்படலை. விட்டுட்டேன்."

"பதினாறோட நின்னதாலதான் இப்ப மறுபடி வந்திருக்குமோ என்னமோ!"

"வந்திருக்கும். முடிச்சிருந்தாலும் வந்திருக்கும். நின்னதாலதான் இப்ப குடுக்கவும் முடியுதுங்கற. ரெண்டுக்கும் சரியாப் போச்சு, விடு."

"எப்படி விடறது? ஏன் என்கிட்ட சொல்லலை? நான் ஊர் பூரா நீங்க தூங்கினதைச் சொல்லிச் சிரிச்சேனே, அப்பவாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணுவ? அதுக்கப்புறம் என்கிட்ட மரியாதையாப் பேச ஆரம்பிச்சுடுவ. எதுக்கெடுத்தாலும் 'சரிக்கா, சரிக்கா'ம்ப. வீட்டுல எனக்குன்னு சண்டை போட வேற யாரு இருக்கா?"

நான் அழுதேன். ஒளிச்சு மறைச்செல்லாம் இல்ல. அக்கா மரத்துப்போகாத இடது கையால விரிப்பைத் தடவித் தடவி என் கையைத் தேடினாங்க. பிடிச்சுக்கிட்டேன். இத்தனை வருஷத்துல நாங்க கையைப் பிடிச்சுக்கிட்டதே இல்ல.

"எத்தனை நாள் குடுப்பாங்களாம்?"

"பத்து நாள்."

"போன தடவை அந்த ரூம் வாசல்ல எல்லாருக்கும் யாராவது கூட வந்திருப்பாங்க. நான் போய் ஓரமா உக்காந்துக்குவேன்." அந்தக் குரலா அதுன்னு இருந்தது, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது. "பத்து நாளும் நீ வருவியா?"

அவங்க என்கிட்ட எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயைத் திறந்து சொல்லு. என்னால திரும்பிப் பாக்க முடியாதுல்ல," ன்னாங்க அக்கா.

"வருவேன்," ன்னேன்.